விசாரணையின்றிக் குடிமக்களைக் கொல்லும் அரச அதிகாரம் (ஐக்கிய அமெரிக்கா)

விசாரணையின்றிக் குடிமக்களைக் கொல்லும் அரச அதிகாரம் என்பது, ஒருவர் மீது குற்றம் சாட்டாமலும், அவரை நீதிமன்றத்தில் நிறுத்தாமலும், தீர்ப்பு எதுவும் பெறாமலும், இன்னார் என்று பெயர் குறித்து அவரைக் கொல்வதற்கு அவருடைய சொந்த அரசே கோரும் உரிமை ஆகும். இவ்வாறான கொலைகளை மறைவாகச் செய்த அரசுகள் பல உண்டு. அதற்கு மாறாக, இதனைச் சட்டப்படியான உரிமை என்று கூறி, அதற்கான விளக்கத்தையும் எழுதி வைத்த அரசு என்ற வகையில் ஐக்கிய அமெரிக்காவின் நிலை தனித்து நோக்கத்தக்கது. 2011 ஆம் ஆண்டு செப்டெம்பர் 30 ஆம் நாள் யேமனில் ஆளில்லா விமானத் தாக்குதலில் கொல்லப்பட்ட அமெரிக்கக் குடிமகன் அன்வர் அல்-அவ்லாக்கியின் நிகழ்வே இதில் முதன்மையானது. அக்கொலைக்கு முன்பும் பின்பும் அவருடைய தந்தை அமெரிக்க நீதிமன்றத்தை நாடினார். இரு முறையும் வழக்கு தொடக்க நிலையிலேயே தள்ளுபடி ஆனது. இதனால், அக்கொலை அரசியலமைப்புக்கு உட்பட்டதா என்ற வினாவுக்கு எந்த நீதிமன்றமும் இன்றுவரை விடை கூறவில்லை.

சட்டப் பின்னணி

அரசு ஒருவரது உயிரைப் பறிப்பதை அமெரிக்கச் சட்டம் பொதுவாக மூன்று நிலைகளில் ஏற்றுக்கொள்கிறது. முதலாவது, நீதிமன்றம் விதிக்கும் மரண தண்டனை. இரண்டாவது, பிறர் உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளபோது காவல்துறை சுடுவது. தப்பி ஓடுகிறார் என்ற ஒரே காரணத்திற்காக ஒருவரைச் சுட்டுக் கொல்லக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985 ஆம் ஆண்டு, டென்னசி எதிர் கார்னர் வழக்கில் கூறியுள்ளது. மூன்றாவது, போர்க்களத்தில் எதிரியைக் கொல்வது. இங்கு ஆராயப்படும் அதிகாரம் இம்மூன்றில் எதிலும் நேராகப் பொருந்துவதில்லை. மரண தண்டனையைப் போல ஒரு குறிப்பிட்ட மனிதரைத் தேர்ந்தெடுக்கிறது. ஆனால் தீர்ப்பு இல்லை. உடனடி ஆபத்தைக் காரணம் காட்டுகிறது. ஆனால் முடிவோ பல மாதங்களுக்கு முன்பே எடுக்கப்படுகிறது. போர் என்கிறது, ஆனால் கொலை நிகழும் நாட்டில் அமெரிக்கப் படைகளின் போர்முனை என்று ஒன்று இல்லை.

அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தம், உரிய சட்டமுறையின்றி எவருடைய உயிரும் உரிமையும் உடைமையும் பறிக்கப்படலாகாது என்கிறது. இக்கருத்தின் வேர் 1215 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மாக்னா கார்ட்டா சாசனத்தில் உள்ளது. தேசத் துரோகத்தைப் பொறுத்தவரை அமெரிக்க அரசியலமைப்பு இன்னும் கண்டிப்பானது. ஒரே வெளிப்படையான செயலுக்கு இரு சாட்சிகள் வேண்டும், அல்லது திறந்த நீதிமன்றத்தில் ஒப்புதல் வாக்குமூலம் வேண்டும். நாட்டிற்கு எதிராகப் போர் தொடுத்தவனுக்கே இக்காப்பு தரப்பட்டுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

ஐந்தாம் திருத்தம் ‘குடிமகன்’ என்று கூறவில்லை. ‘எந்த ஆளும்’ என்றே கூறுகிறது. எனினும், வெளிநாட்டில் உள்ள வெளிநாட்டவருக்கு இக்காப்பு பொருந்தாது என்பதே அமெரிக்க நீதிமன்றங்களின் பொதுவான போக்கு. குடிமக்களின் நிலை வேறு. படைத்தளங்களில் தம் கணவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இரு பெண்களின் வழக்கில் (ரீட் எதிர் கவர்ட், 1957), நாட்டுக்கு வெளியே சென்றதால் ஒரு குடிமகன் தன் அரசியலமைப்பு உரிமைகளை இழப்பதில்லை என்ற நிலை வலுப்பெற்றது. இதனால்தான் அவ்லாக்கியின் கொலை தனியான சட்டச் சிக்கலாக எழுந்தது. யேமனிலும் பாகிஸ்தானிலும் இத்தகைய தாக்குதல்களில் இறந்தோரில் மிகப் பெரும்பாலோர் அமெரிக்கர் அல்லர். அவர்களுடைய இறப்பு இதில் ஒரு சிறு பங்கு விவாதத்தைக்கூட அமெரிக்காவில் எழுப்பவில்லை என்பதையும் இங்கு சொல்லியாக வேண்டும்.

இந்தியாவில் ‘என்கவுண்டர்’ எனப்படும் கொலைகளோடு இதனை ஒப்பிடுவதுண்டு. ஒப்புமை ஓரளவே பொருந்தும். என்கவுண்டரில், அவர் முதலில் சுட்டார், நாங்கள் தற்காப்புக்காகச் சுட்டோம் என்று காவல்துறை கூறும். அதாவது திட்டமிட்டுக் கொல்லும் அதிகாரம் தனக்கு இல்லை என்பதை அது மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. அமெரிக்க அரசோ திட்டமிட்டதை மறுக்கவில்லை. திட்டமிட்டதே சட்டமுறை என்றது.

அன்வர் அல்-அவ்லாக்கி

அன்வர் அல்-அவ்லாக்கி 1971 ஆம் ஆண்டு நியூ மெக்சிகோ மாநிலத்தில் உள்ள லாஸ் குரூசஸ் நகரில் பிறந்தார். தந்தை நாசர் அல்-அவ்லாக்கி யேமனைச் சேர்ந்தவர். புல்பிரைட் உதவித்தொகை பெற்று அமெரிக்காவில் வேளாண்மைப் பொருளியல் பயின்றவர். பின்னர் யேமனின் வேளாண்மை அமைச்சராகவும் சனா பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் பணியாற்றினார். சிறுவயதில் குடும்பத்துடன் யேமன் சென்ற அன்வர், 1991 இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கத் திரும்பினார். பின்னர் சான் டியேகோவிலும், தலைநகர் வாஷிங்டனுக்கு அருகிலும் பள்ளிவாசல்களில் இமாமாக இருந்தார். 2001 செப்டெம்பர் 11 தாக்குதல்களை அப்போது அவர் வெளிப்படையாகக் கண்டித்தார். மிதவாத இசுலாமியக் குரல் என்று அமெரிக்க ஊடகங்கள் அவரிடம் கருத்துக் கேட்ட காலமும் இருந்தது.

2002 இல் அமெரிக்காவை விட்டு வெளியேறி, பிரித்தானியாவில் சில காலம் இருந்து, 2004 இல் யேமன் சேர்ந்தார். 2006 முதல் 2007 வரை யேமன் அரசு அவரைச் சிறையில் வைத்திருந்தது. அதன் பின் அவருடைய ஆங்கிலப் பேச்சுக்கள் இணையம் வழியே பரவின. அமெரிக்காவுக்கு எதிரான வன்முறையை அவை வெளிப்படையாகத் தூண்டின. 2009 நவம்பர் 5 அன்று டெக்சாசின் போர்ட் ஹூட் படைத்தளத்தில் 13 பேரைக் கொன்ற நிடால் ஹசன், அதற்கு முன்னர் அவருடன் மின்னஞ்சல் தொடர்பு கொண்டிருந்தார். அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று டிட்ராயிட் நோக்கிச் சென்ற விமானத்தில் உள்ளாடையில் வைத்த குண்டை வெடிக்கச் செய்ய முயன்ற உமர் பாரூக் அப்துல்முத்தலப், தன்னை இயக்கியவர் அவ்லாக்கியே என்று புலனாய்வாளர்களிடம் கூறினார். அவர் வெறும் பேச்சாளர் அல்லர், தாக்குதல்களைத் திட்டமிடும் பொறுப்பில் உள்ளவர் என்று அமெரிக்க அரசு கூறியதற்கு இதுவே முதன்மைச் சான்று.

இந்த இருவருக்கும் பின்னர் நேர்ந்ததைக் கவனிப்பது பயனுள்ளது. அப்துல்முத்தலப் டிட்ராயிட் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, 2012 பெப்ரவரியில் ஆயுள் தண்டனை பெற்றார். நிடால் ஹசனை 2013 இல் படைத்துறை நீதிமன்றம் விசாரித்து மரண தண்டனை விதித்தது. குண்டு கொண்டு சென்றவருக்கும் துப்பாக்கியால் சுட்டவருக்கும் வழக்கறிஞர், சாட்சி, குறுக்கு விசாரணை எல்லாம் கிடைத்தன. அவ்லாக்கி மீது பயங்கரவாதக் குற்றத்திற்கான குற்றப்பத்திரிகை எதையும் அமெரிக்க அரசு வெளிப்படையாகத் தாக்கல் செய்யவே இல்லை. அவரது பங்கு பற்றிய விரிவான கூற்று நீதிமன்றப் பதிவில் ஏறியது அப்துல்முத்தலப்பின் தண்டனை விசாரணையின்போதுதான். அப்போது அவ்லாக்கி இறந்து நான்கு மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது.

தந்தையின் முதல் வழக்கு

2010 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொல்லப்பட வேண்டியோர் பட்டியலில் அவ்லாக்கியின் பெயர் இடம்பெற்றுள்ளதாக அமெரிக்க நாளிதழ்களில் செய்திகள் வந்தன. தன் மகனைக் கொல்ல ஓர் அரசு முடிவு செய்துள்ளது என்பதை ஒரு தந்தை செய்தித்தாள் வழியே அறிவது அரிது. நாசர் அல்-அவ்லாக்கி நீதிமன்றம் செல்ல முடிவு செய்தார்.

அதிலேயே ஒரு தடை இருந்தது. 2010 ஜூலை 16 அன்று அமெரிக்க நிதித்துறை அன்வரைச் சிறப்பாகக் குறிக்கப்பட்ட உலகப் பயங்கரவாதியாக அறிவித்தது. அதன் விளைவாக, ஊதியம் பெறாமல் அவர் சார்பில் வழக்காடுவதற்குக்கூட வழக்கறிஞர்கள் அரசிடம் உரிமம் பெற வேண்டியதாயிற்று. கொல்ல விரும்பும் அரசிடமே, கொல்லாதிருக்கக் கோரி வழக்காட அனுமதி கேட்க வேண்டிய நிலை. அமெரிக்கக் குடிசார் உரிமைகள் ஒன்றியமும் அரசியலமைப்பு உரிமைகள் மையமும் இந்த உரிம விதியையே எதிர்த்து முதலில் வழக்குத் தொடர்ந்த பின்னரே உரிமம் கிடைத்தது.

ஆகஸ்ட் 30 அன்று தாக்கல் செய்யப்பட்ட வழக்கின் கோரிக்கை பலர் நினைப்பதைவிடக் குறுகியது. அன்வர் குற்றமற்றவர் என்று நாசர் வாதிடவில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளபோது, வேறு வழியே இல்லாத நிலையில் அன்றி, அவரைக் கொல்லக்கூடாது என்று ஆணையிட வேண்டும். ஒரு குடிமகனின் பெயரைப் பட்டியலில் சேர்ப்பதற்கான வரையறைகளை அரசு வெளியிட வேண்டும். இவ்வளவே அவர் கேட்டது.

வாஷிங்டன் மாவட்ட நீதிமன்ற நீதிபதி ஜான் பேட்ஸ் 2010 டிசம்பர் 7 அன்று 83 பக்கத் தீர்ப்பில் வழக்கைத் தள்ளுபடி செய்தார். இரண்டு காரணங்கள் கூறப்பட்டன. வயதுவந்த மகனுக்காக வழக்குத் தொடரும் தகுதி தந்தைக்கு இல்லை என்பது ஒன்று. அன்வர் விரும்பினால் அமைதியாகச் சரணடைந்து தாமே நீதிமன்றத்தை அணுகலாம் என்றார் நீதிபதி. போர் தொடர்பான இத்தகைய முடிவுகள் நீதிமன்றம் தலையிடத் தகாத அரசியல் வினாக்கள் என்பது மற்றொன்று.

அதே தீர்ப்பின் தொடக்கத்தில் நீதிபதியே ஒரு வினாவை எழுப்புகிறார். வெளிநாட்டில் உள்ள ஓர் அமெரிக்கக் குடிமகனின் தொலைபேசியை ஒட்டுக் கேட்க அரசுக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். அவரைக் கொல்வதற்கு மட்டும் நீதிமன்றம் எட்டிப்பார்க்கவும் கூடாது என்பது எப்படி? இதற்குத் தீர்ப்பில் நேரான விடை இல்லை. தம் முடிவு சற்றே கலக்கம் தருவது என்பதை நீதிபதி மறைக்கவில்லை. அரசு மேல்முறையீடு செய்யத் தேவையில்லாதபடி வென்றது. ஆனால் அதன் செயல் சட்டப்படி சரி என்று நீதிமன்றம் கூறவில்லை. இந்த வேறுபாடு பின்னர் வந்த அரசியல் பேச்சுக்களில் பெரும்பாலும் மறக்கப்பட்டது.

கமுக்கக் குறிப்பாணை

நிதித்துறை அறிவிப்பு வந்த அதே 2010 ஜூலை 16 ஆம் நாள், நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகத்தில் டேவிட் பேரன் கையொப்பமிட்ட ஒரு குறிப்பாணை முடிவுபெற்றது. அவ்லாக்கியைக் கொல்வது சட்டத்துக்கு உட்பட்டதே என்பது அதன் முடிவு. நாசரின் வழக்கு நடந்தபோது இது எழுதி முடிக்கப்பட்டுப் பேழையில் இருந்தது. நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, நியூயோர்க் டைம்ஸ் நாளிதழும் குடிசார் உரிமைகள் ஒன்றியமும் தொடர்ந்த தகவல் உரிமை வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையிட்டதால், 2014 ஜூன் 23 அன்று பல பகுதிகள் கறுப்பு மையால் மறைக்கப்பட்டு வெளிவந்தது.

அதனைப் படிப்பவருக்கு முதலில் வியப்பளிப்பது அதன் அளவுப் பங்கீடு. அதன் பெரும்பகுதி அரசியலமைப்பைப் பற்றியதன்று. ஓர் அமெரிக்கர் வெளிநாட்டில் மற்றோர் அமெரிக்கரைக் கொல்வதைக் குற்றமாக்கும் சட்டம் ஒன்று உள்ளது. ஆளில்லா விமானத்தை இயக்கும் படையினர் மீதும் சி.ஐ.ஏ. அலுவலர்கள் மீதும் அச்சட்டம் பாயுமா என்பதே அதில் நீளமாக ஆராயப்படுகிறது. அரச கடமையாகச் செய்யப்படும் கொலைக்கு அச்சட்டம் பொருந்தாது என்பது அதன் வாதம். ஒரு படைவீரன் போரில் சுடுவதைக் கொலைக்குற்றம் என எவரும் கூறார் என்பது எடுத்துக்காட்டு. 2001 செப்டெம்பரில் அல்-கைதாவுக்கு எதிராகப் படை பலத்தைப் பயன்படுத்தக் காங்கிரஸ் அளித்த அதிகாரமே இதற்கு அடித்தளம். அவ்லாக்கியின் உயிருரிமை பற்றிய பகுதி இறுதியில் சுருக்கமாக வருகிறது. கொல்பவரின் சட்டப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய இடத்தை, கொல்லப்படுபவரின் உரிமைக்கு அது ஒதுக்கவில்லை.

பேரன் 2014 மே மாதத்தில், குறிப்பாணை வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதியாகச் செனட் சபையால் உறுதிப்படுத்தப்பட்டார்.

2011 ஆம் ஆண்டுத் தாக்குதல்கள்

2011 மே மாதத்தில் ஒரு தாக்குதலில் அவ்லாக்கி தப்பினார். செப்டெம்பர் 30 அன்று யேமனின் அல்-ஜாவ்ப் மாகாணத்தில் சி.ஐ.ஏ.யின் ஆளில்லா விமானங்கள் ஏவிய ஏவுகணைகளால் கொல்லப்பட்டார். அவருடன் இருந்த சமீர் கானும் இறந்தார். வட கரோலினாவில் வாழ்ந்து யேமன் சென்ற இவர், அல்-கைதாவின் ஆங்கில இணைய இதழான இன்ஸ்பயரின் ஆசிரியர். இவரும் அமெரிக்கக் குடிமகன். அன்றே அதிபர் பராக் ஒபாமா அவ்லாக்கியின் இறப்பை ஒரு பெரும் வெற்றியாக அறிவித்தார். கொன்றது யார் என்பதை மட்டும் கூறவில்லை.

இரு வாரங்கள் கழித்து, அக்டோபர் 14 அன்று, சப்வா மாகாணத்தில் திறந்தவெளி உணவகம் ஒன்றில் அமர்ந்திருந்தவர்கள் மீது நடந்த தாக்குதலில் அன்வரின் மகன் அப்துல்ரகுமான் இறந்தார். தந்தையைத் தேடிச் செப்டெம்பரில் சனாவில் உள்ள பாட்டன் வீட்டை விட்டு எவரிடமும் கூறாமல் சென்றவர். தாக்குதலின் இலக்கு அல்-கைதாவைச் சேர்ந்த வேறொருவர் என்றும் அவர் அவ்விடத்தில் இருக்கவில்லை என்றும் பின்னர் தெரியவந்தது. இறந்தவர் இருபது வயதைக் கடந்தவர் என்று அமெரிக்க அலுவலர்கள் பெயர் கூறாமல் செய்தியாளர்களுக்குத் தெரிவித்தனர். குடும்பத்தினர் பிறப்புச் சான்றிதழை வெளியிட்டனர். 1995 ஆகஸ்ட், டென்வர், கொலராடோ என்று அதில் இருந்தது. அவருக்கு வயது 16.

கொலை செய்வதற்கு முன் சான்றுகளை ஆழமாக ஆராய்வதாகக் கூறும் ஓர் அரசு, கொன்ற பிறகும் இறந்தவரின் வயதை அறியாதிருந்தது. இதனை ஒரு தனித் தவறாகக் கொள்வதா, முறையின் குறையாகக் கொள்வதா என்பதில் கருத்து வேறுபடலாம். நீதிமன்ற விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவரின் வயது முதல் நாளே பதிவாகும் என்பதை மட்டும் குறிப்பிடலாம்.

“உரிய சட்டமுறை” என்பதன் பொருள்

2012 மார்ச் 5 அன்று அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டர் வடமேற்குப் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் ஆற்றிய உரையே அரசின் நிலையை முதன்முதலில் விரிவாக விளக்கியது. உரிய சட்டமுறையும் நீதிமன்ற முறையும் ஒன்றல்ல என்பது அதன் மையக் கூற்று. அரசியலமைப்பு முன்னதை உறுதி செய்கிறதே தவிரப் பின்னதை அல்ல என்றார் அவர். அதாவது, நிர்வாகத்துறைக்குள் அலுவலர்கள் கவனமாக ஆராய்ந்து முடிவெடுத்தால் அதுவே உரிய சட்டமுறை ஆகிவிடும்.

2013 பெப்ரவரியில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் வழியே வெளியான 16 பக்க வெள்ளை அறிக்கை மூன்று நிபந்தனைகளைக் கூறியது. உடனடி ஆபத்து விளைவிப்பவர் என்று தகவலறிந்த உயர் அலுவலர் ஒருவர் முடிவு செய்திருக்க வேண்டும். சிறைப்பிடிப்பது இயலாததாக இருக்க வேண்டும். போர்ச் சட்ட நெறிகள் பின்பற்றப்பட வேண்டும். ‘உடனடி’ என்பதற்கு அறிக்கை தரும் விளக்கம் கவனத்துக்குரியது. அண்மையில் ஒரு குறிப்பிட்ட தாக்குதல் நடக்கப்போகிறது என்பதற்குத் தெளிவான சான்று இருக்க வேண்டியதில்லை என்கிறது அது. சொல் அப்படியே இருக்க, பொருள் மட்டும் வெளியேறிவிட்டது.

அரசின் வாதம் துணைக்கழைத்த முன்தீர்ப்புகளில் ஒன்று மாத்யூஸ் எதிர் எல்ட்ரிட்ஜ் (1976). தனிமனிதரின் நலன், அரசின் நலன், தவறு நேரும் வாய்ப்பு ஆகியவற்றை எடைபோட்டு எவ்வளவு சட்டமுறை வேண்டும் என முடிவு செய்யலாம் என்பது அதன் விதி. அது உடல் இயலாமைக்கான உதவித்தொகை நிறுத்தப்பட்ட ஒருவரின் வழக்கு. தொகையை நிறுத்துமுன் விசாரணை தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியதற்கு ஒரு காரணம், நிறுத்திய பின் முழு விசாரணை உண்டு, தவறெனக் கண்டால் நிலுவைத் தொகை முழுவதும் திருப்பித் தரப்படும் என்பது. உயிர் அத்தகைய நிலுவை அன்று. இந்த அளவுகோலைப் போர் தொடர்பான வழக்குக்குக் கொண்டுவந்தது ஹம்டி எதிர் ரம்ஸ்பெல்ட் (2004) என்பது உண்மையே. ஆனால் அத்தீர்ப்பு, எதிரிப் போராளி எனப் பிடிக்கப்பட்ட குடிமகனுக்குத் தன் மீதான கூற்றை அறியவும், நடுநிலையான ஒருவர் முன் அதனை மறுக்கவும் உரிமை உண்டு என்றே முடிந்தது. சிறையில் வைப்பதற்கு நடுநிலையாளர் தேவை. கொல்வதற்குத் தேவையில்லை என்ற நிலை இதிலிருந்து எப்படிப் பிறக்கும் என்பது விளங்கவில்லை.

அரசு தரப்பு வாதங்களின் வலு

அரசின் தரப்பை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. எதிரிப் படையில் சேர்ந்த குடிமகனுக்குக் குடியுரிமை கவசமாகாது என்பது பழைய விதி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கூட்டரசுப் படைகள் சுட்டவர்கள் தம் நாட்டினரையே. 2013 மே 23 அன்று ஆற்றிய உரையில் ஒபாமா, மக்கள் கூட்டத்தை நோக்கிச் சுடும் ஒருவனுக்குக் குடியுரிமை பாதுகாப்பளிக்காததுபோலவே இதுவும் என்றார். அவ்லாக்கி இருந்த பகுதிகளில் யேமன் அரசின் அதிகாரம் பெரிதும் செல்லவில்லை. அங்கு சென்று பிடிப்பது படையினருக்கும் ஊர்மக்களுக்கும் பெரும் உயிரிழப்பைத் தரக்கூடும். 2017 ஜனவரி 29 அன்று அமெரிக்கப் படையினர் யேமனின் யக்லா ஊரில் நேரில் இறங்கியபோது ஒரு படைவீரரும், அவ்லாக்கியின் எட்டு வயது மகள் உட்படப் பொதுமக்கள் பலரும் இறந்தனர்.

ஆயினும், ‘பிடிக்க இயலாது’ என்பதை யார் முடிவு செய்வது என்பதே சிக்கல். டெக்சாசில் பிறந்த முகனாத் மகுமூத் அல்-பரேக் என்பவரைப் பாகிஸ்தானில் வைத்துக் கொல்ல வேண்டும் என்று அரசுக்குள் 2013 இல் அழுத்தம் இருந்ததாகப் பின்னர் செய்திகள் வெளிவந்தன. நீதித்துறை தயங்கியது. அவர் பாகிஸ்தானில் பிடிபட்டு, 2015 இல் நியூயோர்க்கின் புரூக்ளின் நீதிமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்டார். 2017 இல் நடுவர் குழு அவரைக் குற்றவாளி எனக் கண்டது. மறு ஆண்டு 45 ஆண்டுகள் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. தயக்கம் காட்டப்பட்டிராவிட்டால் அவரும் பிடிக்க இயலாதவர் என்ற பட்டியலிலேயே முடிந்திருப்பார்.

செனட் சபையில்

2013 மார்ச் 6 அன்று, சி.ஐ.ஏ. தலைவர் பதவிக்கு ஜான் பிரென்னன் முன்மொழியப்பட்டதை எதிர்த்துச் செனட்டர் ரான்ட் பால் ஏறத்தாழ 13 மணிநேரம் தொடர்ந்து பேசினார். அமெரிக்க மண்ணில் போரில் ஈடுபடாத ஒரு குடிமகனை ஆளில்லா விமானத்தால் கொல்ல அதிபருக்கு அதிகாரம் உண்டா என்பதே அவரது வினா. மறுநாள் ஹோல்டர் இல்லை என்று ஒரு சிறு கடிதம் அனுப்பினார். பிரென்னன் பதவியேற்றார். அமெரிக்க மண்ணுக்கு வெளியே என்ன என்ற வினா அத்துடன் செனட் சபையில் பெரிதும் அடங்கிப்போனது.

அதே ஆண்டு மே 22 அன்று காங்கிரசுக்கு எழுதிய கடிதத்தில் ஹோல்டர், 2009 முதல் நான்கு அமெரிக்கக் குடிமக்கள் இத்தகைய நடவடிக்கைகளில் இறந்துள்ளதாக ஒப்புக்கொண்டார். அன்வர் ஒருவரே குறிவைக்கப்பட்டவர்; சமீர் கான், அப்துல்ரகுமான், ஜூட் கெனான் முகம்மது ஆகிய மூவரும் குறிவைக்கப்பட்டவர்கள் அல்லர் என்றது கடிதம். நால்வரில் மூவர் குறியின்றி இறந்தனர் என்பதைத் தற்காப்பாகவே அரசு எழுதியது.

இரண்டாவது வழக்கும் அதன் பின்னும்

கொலைகளுக்குப் பின், 2012 ஜூலையில் நாசர் அல்-அவ்லாக்கியும் சமீர் கானின் தாயும் அமெரிக்க அலுவலர்கள் மீது இழப்பீட்டு வழக்குத் தொடர்ந்தனர். இம்முறை தகுதிச் சிக்கல் இல்லை. இறந்தவரின் வாரிசு வழக்கிடலாம். 2014 ஏப்ரல் 4 அன்று நீதிபதி ரோஸ்மேரி காலியர் தீர்ப்பளித்தார். அரசியல் வினா என்று கூறி நீதிமன்றம் விலக வேண்டியதில்லை என்றார். அன்வருக்கு ஐந்தாம் திருத்த உரிமை இருந்தது என்றும், உரிய சட்டமுறையின்றி அவ்வுரிமை பறிக்கப்பட்டது என்ற முறையீடு ஏற்கத்தக்க வகையில் முன்வைக்கப்பட்டுள்ளது என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால், போர் தொடர்பான முடிவுகளுக்காக அலுவலர்களிடம் தனிப்பட்ட முறையில் இழப்பீடு கோர வழியில்லை என்று வழக்கைத் தள்ளுபடி செய்தார். மற்ற இருவரும் குறிவைக்கப்படாதவர்கள். கவனக்குறைவால் நேர்ந்த இறப்பு உரிமை மீறல் ஆகாது என்றார்.

இரு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் அவற்றின் கூட்டு விளைவு புலப்படும். உயிரோடிருந்தபோது, அவரே வர வேண்டும் என்றது நீதிமன்றம். இறந்தபின், உரிமை இருந்தது, பரிகாரம் இல்லை என்றது. குடும்பத்தினர் மேல்முறையீடு செய்யவில்லை.

உயிரோடிருந்து தாமே வந்த ஒருவரும் உண்டு. சிரியாவில் பணியாற்றிய நியூயோர்க்கைச் சேர்ந்த செய்தியாளர் பிலால் அப்துல் கரீம், 2016 இல் ஐந்து முறை வான்தாக்குதல்களில் மயிரிழையில் தப்பியதாகவும், தம் பெயர் பட்டியலில் உள்ளதென நம்புவதாகவும் 2017 இல் வழக்குத் தொடர்ந்தார். வழக்கு நடக்கலாம் என்று 2018 ஜூனில் நீதிபதி காலியரே கூறினார். பட்டியலில் அவர் பெயர் உள்ளதா இல்லையா என்பதே அரச இரகசியம் என்று அரசு வாதிட, 2019 இல் அவ்வழக்கும் தள்ளுபடியானது. 2021 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அத்தாக்குதல்களை நடத்தியது அமெரிக்காவே என்று நம்புவதற்குப் போதிய அடிப்படை காட்டப்படவில்லை எனக் கூறி, வழக்குத் தொடரும் தகுதி அவருக்கு இல்லை என்றது.

இதற்கிடையில், 2015 ஜனவரியில் ஆப்கானிஸ்தான்–பாகிஸ்தான் எல்லைப் பகுதியில் நடந்த தாக்குதலில், அல்-கைதா பணயமாக வைத்திருந்த அமெரிக்க உதவிப் பணியாளர் வாரன் வைன்ஸ்டைன் இறந்தார். அவர் அங்கு இருப்பது தெரியாது என்று கூறி ஒபாமா ஏப்ரலில் வருத்தம் தெரிவித்தார்.

2024 ஜூலை 1 அன்று டிரம்ப் எதிர் ஐக்கிய அமெரிக்கா வழக்கில், அதிபரின் அடிப்படை அரசியலமைப்பு அதிகாரங்களுக்கு உட்பட்ட செயல்களுக்காக அவர் மீது குற்ற வழக்குத் தொடர முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அரசியல் எதிராளியைக் கொல்லச் சிறப்புப் படைக்கு ஆணையிட்டாலும் அதிபர் தண்டனைக்குத் தப்புவார் என்று நீதிபதி சோனியா சோட்டோமாயர் மாறுபட்ட தீர்ப்பில் எச்சரித்தார். அது மிகைக் கூற்று எனப் பெரும்பான்மை ஒதுக்கியது. அவ்லாக்கி தொடர்பான குறிப்பாணையில் அலுவலர்களின் குற்றப் பொறுப்புக்காக அத்தனை பக்கங்கள் செலவிடப்பட்டிருந்ததை இங்கு நினைவுகூரலாம். அதிபரைப் பொறுத்தவரை இனி அவ்வளவு எழுத வேண்டிய தேவை இருக்காது.

பிற நாடுகளில்

பிரித்தானியாவின் கார்டிஃப் நகரைச் சேர்ந்த 21 வயது ரியாத் கான், 2015 ஆகஸ்ட் 21 அன்று சிரியாவின் ரக்கா அருகே பிரித்தானிய வான்படையின் ஆளில்லா விமானத்தால் கொல்லப்பட்டார். உடனிருந்த ருகுல் அமீன் என்ற மற்றொரு பிரித்தானியரும் இறந்தார். 2013 இல் சிரியாவில் படை நடவடிக்கை வேண்டாம் என்று பிரித்தானிய நாடாளுமன்றம் வாக்களித்திருந்தது. செப்டெம்பர் 7 அன்று பிரதமர் டேவிட் கேமரன் இதனைத் தற்காப்பு நடவடிக்கை என நாடாளுமன்றத்தில் அறிவித்தார். இத்தகைய கொலைகளுக்கான தம் கொள்கையையும் அதன் சட்ட அடிப்படையையும் அரசு தெளிவாக வெளியிட வேண்டும் என்று நாடாளுமன்றத்தின் மனித உரிமைகள் கூட்டுக்குழு 2016 மே மாதத்தில் கேட்டது. தமக்கு அவ்வாறானதொரு தனிக் கொள்கை இல்லை என்பதே அரசின் மறுமொழியாக இருந்தது.